பெரிய சடக்கில் ஏறும் லோரி டிரைவர்களுக்குச் சில வார்த்தைகள்

(தோட்டக் கிளையில் நடந்த லோரி, டிராக்டர், பஸ் டிரைவர்கள் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கிராணி மேசையில் உட்கார்ந்து டிரிப் சீட்டு எழுதுகிறவனுக்கு லோரி ஓட்டுவதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஸ்டியரிங் பிடிக்கும் கலையை உங்களுக்குக் கற்றுக் கொடுக்க நான் வரவில்லை. ஆனால் தராசில் எத்தனை டன் ஏறியது, லோரி எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்ற கணக்கெல்லாம் என் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கும் சாலைச் சட்டமும் எந்த இடத்தில் மோதுகின்றன என்பதைச் சொல்லவே நிற்கிறேன்.

நமது தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. பால் லோரி ஓடிய சடக்கில் இன்று குலை லோரி ஓடுகிறது. பால் கட்டிப் போகுமுன் ஸ்டோருக்குச் சேர வேண்டும் என்று அன்று அவசரம். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயின் தரம் கெடும், ஆகவே சீக்கிரம் ஆலைக்குப் போக வேண்டும் என்று இன்று அவசரம். சரக்கு மாறினாலும் அவசரம் மாறவில்லை. அந்த அவசரத்தைச் சுமந்துகொண்டு டிரைவர் வந்து நிற்கும் இடம் எது? தோட்டத்துச் செம்மண் சடக்கு பெரிய சடக்கைத் தொடும் முனை. நாம் அதிகமாகப் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். சின்னச் சடக்கிலிருந்து பெரிய சடக்குக்கு வருகிறவன் பெரிய சடக்கில் ஏற்கெனவே ஓடுகிறவனுக்கு வழி விட வேண்டும். தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் வேகத்தைக் குறைத்து, வழி விட்டு, பிறகு போகலாம். எட்டு மூலைச் சிவப்புப் பலகை இருந்தால், சாலை காலியாகத் தெரிந்தாலும் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். வட்டச் சந்தியில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கே முதல் உரிமை. நெடுஞ்சாலையின் நுழைவுத் தடத்திலிருந்து சேரும்போதும் இதே நியாயம்தான். உள்ளே ஓடுகிற வண்டிக்குத்தான் உரிமை. சேருகிறவன் இடம் பார்த்துச் சேர வேண்டும்.

"நம்முடையது பெரிய வண்டி, மூக்கை நீட்டினால் கார்க்காரன் தானாக நிற்பான்" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. பத்துத் தடவை நிற்பான். பதினோராவது தடவை அவன் கண் வேறெங்கோ இருக்கும். அல்லது மழை பெய்து சடக்கு வழுக்கும். உடம்பு பெரிதாக இருப்பதால் உரிமை பெரிதாகிவிடாது. பொறுப்புத்தான் பெரிதாகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. பாரம் ஏற்றிய குலை லோரி நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வலப்பக்கம் திரும்பி, ஒரு தடத்தைக் கடந்து, மறு தடத்தில் நேராக நிற்க 10 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 விநாடியில் கார் 250 மீட்டர் வந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் 250 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலப்பக்கம் திரும்பலாம். வளைவும் லாலான் புல்லும் மறைத்து 100 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அங்கே உங்கள் திறமைக்கு வேலையில்லை. அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டும். அப்படிப்பட்ட முனையில் இடப்பக்கம் திரும்பிப் போய், பாதுகாப்பான இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே மேல். அதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். அந்த எண்ணெய்ச் செலவைக் கணக்கில் எழுத நான் தயார். ஆளைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கணக்கிலும் வழியில்லை.

நெடுஞ்சாலைக்கு வருவோம். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. கார்களுக்கு அங்கே 110 கிலோமீட்டர் வரை வேகம் அனுமதி. அதாவது விநாடிக்கு 30 மீட்டருக்கும் சற்று அதிகம். நமது லோரி டோலைத் தாண்டி, நுழைவுத் தடத்தின் முடிவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே நுழைகிறது என்றால், பின்னால் வரும் கார் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 17 மீட்டர் நம்மை நெருங்குகிறது. கண்ணாடியில் 100 மீட்டர் தூரத்தில் சிறியதாகத் தெரிந்த கார் 6 விநாடியில் நம் முதுகில் இருக்கும். ஆகவே நுழைவுத் தடத்தில் சோம்பலாக ஓடக்கூடாது. அந்தத் தடம் வேகம் எடுப்பதற்காகவே போடப்பட்டது. கியரைக் குறைத்து, இழுவை எடுத்து, இடத் தடத்தில் ஓடும் வண்டிகளின் வேகத்துக்கு நெருங்கி வர வேண்டும். சிக்னலை முன்கூட்டியே போட வேண்டும். வலக் கண்ணாடியைப் பார்த்து, இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, ஒரே சீராகச் சேர வேண்டும். இடைவெளி கிடைக்கவில்லையானால் தடம் முடியுமுன் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரத் தடத்தில் ஓடிக்கொண்டே சேர்ந்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. அது பழுதான வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரிய இடம்.

2025ஆம் ஆண்டு தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரியும் போலீஸ் வண்டியும் மோதி 9 போலீஸ்காரர்கள் மாண்டார்கள். அடுத்த மாதமே கெரிக்கில் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் கருவி பொருத்திய வண்டியில், "ஒரு அழுத்து அழுத்தித் தப்பிவிடலாம்" என்ற பழைய வித்தை உச்ச வேகத்தில் பலிக்காது. இனி இடைவெளியை முன்கூட்டியே பார்த்து வைப்பவனே கெட்டிக்காரன்.

இன்னொன்று, தோழர்களே. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களில் பலர் நம்முடைய ஆட்கள். ஆலைக்கு ஷிப்டுக்குப் போகிற நம் பிள்ளைகள். அவர்கள் சாலையின் இட ஓரத்தில் ஓடுகிறார்கள். நாம் நுழையும் வாயும் அதே இட ஓரம்தான். நாம் வலக் கண்ணாடியில் காரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை கார்களின் மறைவில் வந்து நம் மூக்குக்கு எதிரே இருப்பான். நாம் உட்காருவது வலப்பக்கம். ஆகவே கேபினின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடம் அதிகம். இடப்பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது; ஓரத்தை நெருக்கிக்கொண்டு உள்ளே வரும். அந்த இடுக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. திரும்புமுன் இடக் கண்ணாடியை இரண்டு தடவை பாருங்கள். உதவியாள் இருந்தால் அவரையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் நெடுஞ்சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறோம், நுழைவுத் தடத்திலிருந்து வேறொருவன் சேர வருகிறான் என்றால்? உரிமை நமக்குத்தான். ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டி இடைவெளியை அடைப்பது வீம்பு. வலத் தடம் காலியாக இருந்தால் சிக்னல் போட்டு விலகலாம். இல்லையென்றால் காலை மெல்ல எடுத்து அவனுக்கு இடம் கொடுக்கலாம். திடீரென்று பிரேக் போடக்கூடாது. பின்னால் வருகிறவன் நம் பெட்டிக்குள் புகுந்துவிடுவான். மூன்று தடம் உள்ள இடத்தில் வலக்கோடித் தடம் நமக்கு உரியதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே மெனோரா சுரங்கம் இருக்கும் மலையேற்றம் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஏற்றங்களில் மெதுவாக ஏறும் வண்டிகளுக்கு இடப்பக்கம் தனித் தடம் இருந்தால், அது முடியும் இடத்தில் விலகிச் சேர வேண்டியவர் நாம்தான். முடிவுப் பலகையைக் கண்டவுடனேயே கண்ணாடியைப் பார்க்கத் தொடங்குங்கள். தடம் முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிடும்.

பால் டாங்கி ஓட்டும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிரம்பிய டாங்கியைவிடப் பாதி நிரம்பிய டாங்கி பொல்லாதது. நீங்கள் பிரேக் போட்ட பிறகு பால் முன்னே வந்து மோதி வண்டியைத் தள்ளும். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே சேரும் இடத்தில் வெடுக்கென்று ஒடிப்பது உங்களுக்கு ஆகாது. எல்லாருக்கும் பொதுவாக இதையும் சொல்லிவிடுகிறேன்: வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது.

இதுவரை டிரைவரின் கடமையைச் சொன்னேன். இனி நிர்வாகத்தின் கடமையைச் சொல்லாவிட்டால் நான் தொழிற்சங்கக்காரனாக இருக்க முடியாது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவு 2020இல் திருத்தப்பட்டது. அபாயகரமாக ஓட்டி ஒருவருக்கு மரணம் விளைவித்தால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 50,000 வெள்ளி வரை அபராதம். சீக்கிரம் போ என்று ஆபீசிலிருந்து விரட்டியவர் அந்தக் கூண்டில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார். டிரிப் காசு எத்தனை வெள்ளி என்று உங்களுக்கே தெரியும். ஐந்து ஆண்டுகள் லயத்தில் அடுப்பெரிய அது போதுமா என்று வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

டிரிப் கணக்கில் கூலி கொடுத்தால், முனையில் காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டிரைவரின் சொந்த நஷ்டமாகிறது. நிதானமாக இருப்பவனுக்குச் சம்பளம் குறைகிறது. துணிந்து நுழைகிறவனுக்குக் கூடுகிறது. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் "பாதுகாப்பே முதன்மை" என்று எழுதி ஒட்டுவதால் என்ன பயன்?

சட்டம் நமக்குச் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தப்படி, 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்குமுன் அரை மணிக்குக் குறையாத ஓய்வு கொடுக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம் என்று அது சொல்கிறது. பிரேக் பிடிக்காத லோரியை எடுத்துக்கொண்டு பெரிய சடக்கில் ஏறு என்றால், இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள்; தேதி, நேரம், வண்டி எண், பழுது இவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்து ஒரு நகலைக் கிளையில் சேர்த்துவிடுங்கள். எழுதத் தயங்குகிறவர்களுக்கு எழுதித் தர நான் இருக்கிறேன்.

ஆகவே நிர்வாகத்தின் முன் வைப்பதற்கு ஐந்து கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முடிவுக்கு விடுகிறேன்.

ஒன்று: சடக்கு முனையில் இரண்டு பக்கமும் லாலானையும் புதரையும் மாதந்தோறும் வெட்ட வேண்டும். பார்வையை மறைக்கும் வளைவுக்குக் கண்ணாடி வைக்க வேண்டும்.

இரண்டு: முனைக்கு முன்னால் கல் போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். சக்கரத்துச் செம்மண் பெரிய சடக்கில் சிதறி, மழையில் வழுக்கி விழுகிறவன் மோட்டார் சைக்கிள்காரன்.

மூன்று: கண்ணாடி, சிக்னல் விளக்கு, பிரேக், டயர் ஆகியவற்றைத் தினமும் காலையில் பார்க்க நேரம் ஒதுக்கி, அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

நான்கு: அனுமதிக்கப்பட்ட எடைக்குமேல் ஏற்றச் சொல்லக்கூடாது. ஏற்றச் சொன்னால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஐந்து: முனையிலும் ஆலை வாசலிலும் காத்திருக்கும் நேரத்தால் டிரைவரின் வருமானம் குறையாதபடி கூலியைத் திருத்தி அமைக்க வேண்டும்.

இவற்றில் ஆகாத காரியம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டுக்கும் புல் வெட்டும் ஆளும் நாலு லோரி கல்லும் போதும். ஐந்தாவதற்குத்தான் நாம் ஒற்றுமையாக நிற்க வேண்டும். ஒரு டிரைவர் மட்டும் கேட்டால் அவரைச் சோம்பேறி என்பார்கள். பன்னிரண்டு டிரைவர்களும் சேர்ந்து கேட்டால் அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை.

சடக்கில் வழி விடுவது கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம். காருக்கு வழி விடுங்கள், மோட்டார் சைக்கிளுக்கு வழி விடுங்கள், பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு வழி விடுங்கள். நமது நியாயமான கோரிக்கை என்று வரும்போது மட்டும் விலகாமல் நில்லுங்கள்.

கோரிக்கைகளை ஏற்கிறவர்கள் கை உயர்த்தும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.