எந்த வால்வுக்கு எந்தச் சோதனை? – தொழிலக வால்வுக் கருத்தரங்கின் தலைமை உரை

 

இக்கருத்தரங்கு திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் கூடுவது பொருத்தமானது. இந்நகரின் புறத்தே வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறது. தென்கிழக்கே திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. வடக்கே பாலக்காட்டில் 1987இல் அமைந்த பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் வால்வுகளையும் ஓட்டமானிகளையும் சோதிக்கிறது. எல்லை தாண்டினால் கோவையும் திருச்சியும் வால்வு வார்த்துக் கடையும் ஊர்கள்.

இத்தனை வசதி இருந்தும் நம் கொள்முதல் ஆணைகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் காணப்படுகிறது: “தரநிலைப்படி சோதிக்கப்பட வேண்டும்.” எந்தத் தரநிலை, அதில் எந்தச் சோதனை, எவ்வளவு கசிவு வரை ஏற்கலாம் என்பதெல்லாம் விற்பவர் விருப்பத்துக்கு விடப்படுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: சோதனையை வால்வின் பெயரும் அளவும் தீர்மானிக்கக் கூடாது, அது செய்யப்போகும் வேலையே தீர்மானிக்க வேண்டும்.

நாம் அன்றாடம் கையாளும் வால்வுச் சோதனைத் தரநிலையான ஏபிஐ 598ஐ எடுத்துக்கொள்வோம். வால்வின் உடலுக்கு, அனுமதித்த அழுத்தத்தைப்போல் 1.5 மடங்கு நீரழுத்தம், அடைப்புக்கு 1.1 மடங்கு, குறைந்த அழுத்தச் சோதனைக்கு 4 முதல் 7 பார் வரை காற்று. இரண்டு அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான வால்வுக்கு உடல் சோதனை குறைந்தது 15 விநாடி. வார்ப்பில் துளை இல்லை, இன்று இந்த மேசைமேல் சீட் மூடுகிறது என்பது இதிலிருந்து தெரியும். குளிரில் மூடுமா, தீயில் தாங்குமா, ஆயிரம் முறை திறந்து மூடிய பின் எப்படியிருக்கும் என்பதை இது சொல்லாது. சொல்வதாக அதுவும் கூறிக்கொள்ளவில்லை.

குறைந்த அழுத்தக் காற்றுச் சோதனையைச் சிறிய சோதனை என்று நினைப்பவர் உண்டு. மிதக்கும் பந்து வால்வில் அழுத்தம் ஏற ஏறப் பந்து சீட்டின்மேல் இறுக அமரும். ஆகவே உயர் அழுத்தத்தில் தேறிய வால்வு, தாழ் அழுத்தத்தில் கசியலாம். நீர் நுழையாத இடுக்கில் வாயு நுழையும் என்பதும் நாம் அறிந்ததே. அதே சமயம், உயர் அழுத்த வாயு வெடித்தால் துண்டுகள் சிதறிப் பாயும். நீருக்கு அந்த வேகம் இல்லை. அதனால்தான் முதலில் நீர், பிறகு வாயு என்ற வரிசை.

வேலையிடத்தில் ஒரு வால்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் கிளம்பியது. முதலிரண்டு கட்டங்களும் சரியாக இயங்கின. கிரையோஜெனிக் கட்டம் இயங்கவில்லை. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் கைவிட்டுப் போயிற்று. ஆராய்ந்த குழு கண்ட காரணம் ஒரு வால்வு. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வெளியேற்று வால்வு கசிந்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்தது. எரிபொருள் பூஸ்டர் பம்பு தடுமாறியது. வால்வின் சாஃப்ட் சீல் சேதமடைந்திருக்கலாம் என்றும், வால்வு இயங்கியபோதோ, மாசு புகுந்தோ, கடுங்குளிரில் பொருத்துமிடத்தில் உண்டான தகைவாலோ அது நேர்ந்திருக்கலாம் என்றும் குழு கூறியது.

சோதனையைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இந்த மூன்று காரணங்களும் மூன்று பாடங்கள். இயக்கத்தால் சேதமென்றால், பலமுறை இயக்கிய பிறகே கசிவை அளக்க வேண்டும். மாசு என்றால், சோதனைக்குப் பின் வால்வைக் காயவைத்து, மூடி, பொருத்தும் வரை காப்பதும் சோதனையின் பகுதியே. பொருத்துமிடத் தகைவு என்றால், தனி வால்வைச் சோதித்துப் பயனில்லை. குழாயோடு பூட்டிக் குளிரவைத்துப் பார்க்க வேண்டும். திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி −196 பாகை செல்சியஸில் ஹீலியம் கொண்டு பார்ப்பது வழக்கம். திரவ ஹைட்ரஜனோ −253 பாகை. அந்த இடைவெளியையும் கணக்கில் வைக்க வேண்டும். வால்வை வலுப்படுத்தச் சொன்னதோடு நிற்காமல், தொட்டி அழுத்தத்தைக் காக்கத் தனி ஏற்பாடும் செய்யும்படி குழு பரிந்துரைத்தது. 2023 மே 29இல் ஜிஎஸ்எல்வி-எஃப்12 வெற்றி பெற்றது.

வால்வை மட்டும் பார்த்தாலும் போதாது. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கு காட்டியதோ மூடும் ஆணை போனதை மட்டுமே. இயக்கியையும் நிலைகாட்டியையும் வால்வோடு சேர்த்தே சோதிக்க வேண்டும்.

மறுபுறம், அருவிக்கரையிலிருந்து இந்நகருக்குத் தண்ணீர் தரும் குழாய்களின் வால்வுகளுக்கு ஹீலியம் வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்த வால்வு பழுதுபார்க்கும் நாளில் மூடுமா என்பதே அங்கே கேள்வி. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குறித்த காலத்தில் திருகிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் போதும். தீச்சோதனை போன்றவை மாதிரி வால்வுக்கு மட்டும் உரியவை. 30 நிமிடம் எரிந்த வால்வைக் குழாய்வழியில் பொருத்த முடியாது. எல்லா வால்வுக்கும் எல்லாச் சோதனையும் கேட்பதும் அறியாமையே, விலைதான் ஏறும்.

ஆகவே இந்த அவையிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஓடும் பொருள், அதன் வெப்பநிலை, எத்தனை முறை இயங்கும், கசிந்தால் யாருக்குக் கேடு: இந்த நான்கையும் எழுதிய பின்பே சோதனை விதியை எழுதும் படிவம் ஒன்றை இக்கருத்தரங்கு வகுத்துத் தரட்டும். சிறு பட்டறையும் பயன்படுத்தும்படி அது தமிழிலும் மலையாளத்திலும் அமையட்டும். கட்டுரை படிப்போர், தேறிய வால்வுகளைப் பற்றி மட்டும் பேசாமல், தேறிய பிறகு தவறியவற்றைப் பற்றியும் தயங்காமல் பேச வேண்டுமென்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.