பொறிக்கையும் ஆறாம் வேற்றுமையும்



விண்வெளி வாழ்வைக் கருதி 1960இல் கிளைன்ஸ், கிளைன் என்னும் இருவர் 'சைபோர்க்' என்ற சொல்லை ஆக்கினர். உடலோடு பொறி பொருந்திய அத்தகு கதைமாந்தரை வாசகர் நம்புமாறு படைப்பது எங்ஙனம்? மாணவர் கதைகளில் மின்கலமும் ஒளிவிழியும் மிகுதி; யான் தேடுவது ஆறாம் வேற்றுமையை.

இலக்கண நூலார் வகுத்தபடி, சாத்தனது கை பிரியாத தற்கிழமை. சாத்தனது வீடு பிரியும் பிறிதின்கிழமை. பொறிக்கை எதன்பாற்படும்?

லுக்குட்டில் பால்மரம் சீவும் ஒருவர் கையிழந்து, தோட்ட நிருவாகம் தந்த பொறிக்கையைப் பூண்டதாகக் கொள்வோம். முதல் மாதம், "இந்தச் சாமான் உளியப் புடிக்க மாட்டேங்குது" என்பார். ஓராண்டு கழித்து, "என் கை வலிக்குது" என்பார். அங்கே பாத்திரம் உயிர்பெறுகிறது. பின்பு தோட்டம் செம்பனைக்கு மாறுகிறது, ஆட்குறைப்பு. உளியையும் வாளியையும் ஒப்படைத்தவரிடம், கிராணி பட்டியலைப் பார்த்து, "கையையும் வச்சிட்டுப் போங்க" என்கிறார்.