அம்மையார் தாமே அருளியவை

திருச்சிற்றம்பலம்.

 

பூலாநந்தீசுவரப் பெருமான் சிவகாமியம்மையுடன் எழுந்தருளியுள்ள இச்சின்னமனூர்த் திருவிழாவில், காரைக்காலம்மையாரைக் குறித்துச் சொற்பொழிவாற்றுமாறு அன்பர்கள் எம்மைப் பணித்தனர். அம்மையார் என்றதும் உங்கள் நெஞ்சில் முதலில் தோன்றுவது மாங்கனியேயாகும். அது நன்றே. எனினும் இன்று மாங்கனியோடு நில்லாமல், அம்மையார் தம் திருவாக்கால் தம்மைக் குறித்து அருளியது யாது என்பதனைச் சிந்திக்க விழைகின்றோம்.

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் 11-ஆம் அதிகாரம். நடுவுநிலைமை 12-ஆம் அதிகாரம். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுகின்றார். நமக்கு நன்மை செய்தவரை நினைக்குங்கால் நம்மையறியாமலே துலாக்கோல் ஒருபுறம் சாய்ந்துவிடும். அவ்விடத்தும் நடுவுநிலை சிதையலாகாது என்பதற்காகவே அவ்வதிகாரம் நன்றியின் பின் வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நன்றியும் வேண்டும், நடுவும் வேண்டும். அம்மையார் திறத்தில் நாம் இவ்விரண்டையும் கொண்டிருக்கின்றோமா? இதுவே இன்றைய வினா.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். காரைக்காலில் வணிகர் குலத்தில் தோன்றியவர் புனிதவதியார். கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றை, பசித்து வந்த சிவனடியாருக்கு இட்டார். மற்றொன்றை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெற்றுக் கொடுத்தார். சுவை வேறாயிருக்கக் கண்ட கணவன் வினவியபோது, மறைக்காது உண்மையை உரைத்தார். அவன் நம்பாது மீண்டும் ஒரு கனி வேண்டினான். அதுவும் வந்து அவன் கையில் தோன்றி மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் கடல்வாணிகம் செய்யச் சென்று, பின்பு இப்பாண்டிநாட்டின் ஒரு பட்டினத்தில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு வாழ்ந்தான். சுற்றத்தார் அம்மையாரை அங்கே அழைத்து வந்தபோது, மனைவி மகளோடு அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான். அவனுக்காகத் தாங்கிய உடலழகை அம்மையார் அக்கணமே உதறிப் பேய்வடிவு கொண்டார்.

சில ஆண்டுகட்கு முன் கம்பத்தில் இவ்வரலாற்றை யாம் கூறி முடித்தபின், திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் ஒரு தாய் எம்மிடம் வந்தார். “அம்மா, அந்தப் புண்ணியவதி பசித்தவருக்குச் சோறு போட்டாங்க. கேட்டதுக்கு உண்மையைத்தானே சொன்னாங்க? அப்புறம் எதுக்கு விட்டுட்டுப் போனாரு? இது நியாயமா?” என்று கேட்டார். நூல்களைக் கல்லாதவர், ஆயினும் நூலின் நடுவைத் தொட்ட கேள்வி அது.

சேக்கிழார் பெருமான் அம்மையார்மேல் ஓர் எள்ளளவும் குற்றம் கூறினாரல்லர். பரமதத்தனும் அவரை இகழ்ந்தானல்லன். தெய்வம் என்றே அஞ்சி வணங்கினான். ஆயினும் ஒரு பெண்ணைத் தெய்வம் என்று வணங்கிவிட்டால், அவள்பால் ஆற்றவேண்டிய கடமை தீர்ந்தது என்று எண்ணுவது உலகத்தில் இன்றும் உண்டு. பெண்ணாய்ப் பிறந்து இம்மேடையில் நிற்கும் யாம் இதனைச் சொல்லத் தயங்கவேண்டுவதில்லை. அத்தாய்க்கு அன்று யாம் கூறிய விடை, “அம்மா, அது நியாயம் அன்று, ஆனால் அம்மையார் அந்தக் கணக்கைத் தம் பாட்டில் எழுதி வைக்கவேயில்லை” என்பதாகும்.

அன்பர்களே, அம்மையார் அருளியவை நான்கு. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்கள். திருவிரட்டை மணிமாலை 20 பாடல்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, பதிகத்திற்குப் பதினொன்றாக 22 பாடல்கள். ஆகப் பாடல்கள் 143. இவை பதினொராந் திருமுறையில் உள்ளன. பன்னிரு திருமுறை அருளிய ஆசிரியர் 27 பேர். அவருள் பெண்மணி இவர் ஒருவரே. தேவாரப் பதிகங்களுக்கு முன்னே தோன்றியமையால் இவர்தம் பதிகங்கள் ‘மூத்த’ என்னும் அடைமொழி பெற்றன.

இந்த 143 பாடல்களைத் தேடிப் பாருங்கள். மாங்கனி இல்லை, கணவன் பெயர் இல்லை, புனிதவதி என்ற பெயர்தானும் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறித்துக்கொள்கின்றார். திருவந்தாதியின் தொடக்கத்தில், பிறந்து மொழி பயின்ற நாள் முதலாக இறைவன் திருவடியையே சேர்ந்தேன் என்று கூறி, என் துயரை எப்போது தீர்ப்பாய் என்று வினவுகின்றார். உரிமையோடு கேட்கும் கேள்வி அது. அடுத்த பாடலிலேயே, அவன் துயர் தீர்க்காவிடினும், இரங்காவிடினும், வழி காட்டாவிடினும், என் நெஞ்சில் அவன்மேல் கொண்ட அன்பு அறாது என்கின்றார். கேட்க வேண்டியதைக் கேட்பது நியாயம். கிடைப்பினும் கிடையாவிடினும் அன்பை விடாமை பக்தி. இரண்டையும் ஒருங்கே வைத்தார் அம்மையார். பிறிதோரிடத்தில், அவனுக்கு ஆளாகும் பேறு பெற்ற என்னைப்போல் தவமுடையார் யார் என்று களிக்கின்றார். இழந்தவற்றை எண்ணும் குரல் அன்று அது; பெற்றதை எண்ணி நிறைந்த குரல்.

இனி, அந்தாதியை முடிக்கும் பாடலில் ஓதுவார்க்கு உரைத்த பயன் யாது? பொன் வரும், மழலைச் செல்வம் வரும் என்று கூறினாரல்லர். இதனை ஓதிப் பரவுவார்க்கு நீங்காத காதல் பிறக்கும், தணியாத அன்போடு இறைவனைச் சென்று ஏத்துவர் என்றார். தாம் பெற்ற அன்பையே நமக்கும் வைத்துப் போயினார். அந்தச் செல்வம் ஏட்டில் இருக்கின்றது, எடுப்பார்தாம் வேண்டும்.

இங்கேதான் நடுவுநிலைமை நம்மை வினவுகின்றது. அம்மையார் வரலாற்றைத் தந்த சேக்கிழாருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அந்த நன்றியிலே துலாக்கோல் சாய்ந்து, அம்மையாரைப் பற்றிப் பிறர் கூறியதை மட்டும் கேட்டு, அவர் தாமே கூறியதை ஓதாது விடுவது முறையாகுமோ? அறுபத்துமூவர் வரிசையில் அவருக்கு விளக்கேற்றுகின்றோம், மாலை சாத்துகின்றோம், அவர் பாடலை மட்டும் திறப்பதில்லை. வணங்கிவிட்டு அகன்றவன் பரமதத்தன். நாமும் வணங்கிவிட்டு அகலலாமோ? சேக்கிழார் பெருமானோ, அம்மையார் புராணத்துள்ளேயே திருவந்தாதியையும் இரட்டை மணிமாலையையும் ஆலங்காட்டுப் பதிகங்களையும் சுட்டிக்காட்டிச் செல்கின்றார். ஆதலின் அவற்றை ஓதுவதே சேக்கிழார் காட்டிய வழியுமாகும்.

நன்றி என்பது யாது என்று இக்கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு யாம் கூறவேண்டுவதில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் திருப்பணி 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவுற்றது. அதனைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கை நீங்கள் மறந்தீர்களில்லை. தைப்பொங்கற் காலத்தில் அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று அவருக்கும் பொங்கலிடுகின்றீர்கள். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பெற்றது. அக்காட்டில் நோயுற்று மாண்ட தொழிலாளர் பலர். அவர்தம் பெயர்களை நாம் அறியோம். அவர்க்கும் அப்பொங்கலில் பங்குண்டு என்று நினைப்பதே நடுவுநிலைமை.

எனினும் எண்ணிப் பாருங்கள். சிலைக்கு மாலையிட்டு, வாய்க்காலைத் தூர்ந்துபோக விட்டால் அது நன்றியாகுமா? வாய்க்காலைத் தூர்வாரி, கடைமடை வயலுக்கும் நீர் சேர்ப்பதே அணை கட்டியவர்க்குச் செய்யும் முழு நன்றி. பாடலும் அத்தகையதே. எழுதியவர் தேக்கிவைத்த நீர் ஏடு. ஓதுவோர் நாவே வாய்க்கால். ஓதாத ஏடு, திறவாத மதகு.

எழுத்தின் பெருமையை இவ்வூரும் அறியும். சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று இவ்வூர்ப் பெயரால் வழங்கும் பாண்டியர் செப்பேடுகளில், மதுரையில் சங்கம் வைத்ததும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் பொறிக்கப்பட்டுள்ளன. படிப்பார் இருந்தமையால் அச்செய்தி இன்று நம் கையில் உள்ளது. வேந்தர் செம்பில் எழுதினர். அரசும் செல்வமும் இல்லாத அம்மையாரோ தம் சொல்லிலே தம்மை வைத்துச் சென்றார். அச்சொல் நம் இல்லங்களில் ஒலிக்கவேண்டாமா?

ஆதலின் எம் விண்ணப்பம் ஒன்றே. திருவந்தாதி வெண்பாக்கள் 101. விளக்கேற்றும் வேளையில் நாளொன்றுக்கு ஒன்றாக ஓதினால் மூன்றரைத் திங்களுள் நிறைவுறும். எழுத்தறிந்தவர் எழுத்தறியாதவர்க்கு ஓதிக் காட்டுங்கள். கம்பத்தில் எம்மை வினவிய அத்தாய் இன்று தம் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றார். பள்ளி செல்லும் அச்சிறுமிக்குப் பொருள் முழுதும் விளங்காமலிருக்கலாம். பாட்டியின் கண்கள் மட்டும் நனைகின்றனவாம். அவ்வீட்டில் அம்மையார் வரலாறாக மட்டும் இல்லை. தம் குரலோடு எழுந்தருளியிருக்கின்றார்.

பிறவி வேண்டாம், பிறப்பு உண்டாயின் உன்னை மறவாமை வேண்டும் என்று இறைவனிடம் வேண்டியவர் அம்மையார். மறவாமையே அவர் கேட்ட வரம். அவர் சொல்லை மறவாது ஓதுதலே நாம் அவர்க்குச் செய்யும் கைம்மாறு. எல்லாம் வல்ல பூலாநந்தீசுவரர் அதற்குத் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.