மூத்த நாயும் புதுக்குட்டியும்

சொந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர் பலருடைய வீடுகளில் நாய் ஒன்று வளர்ந்து வருகின்றது. பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வெளியூர் சென்றுவிட்ட வீட்டில் அதுவே கடைக்குட்டியாக இருந்து வருகின்றது. ஆண்டுகள் சென்று அது முதுமை எய்தும்போது, இன்னொரு குட்டி வந்தால் இதற்குத் துணையாகுமே என்று நாம் எண்ணுகின்றோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் முறை தெரியாமல் அதை நிறைவேற்றினால் இரண்டு பிராணிகளும் துன்புறும், நாமும் துன்புறுவோம். எங்கள் வீட்டில் நேர்ந்த பிழையை முதலில் சொல்லிவிட்டு, அதிலிருந்து கற்ற முறையைப் பின்னர் சொல்ல விரும்புகின்றோம்.

நாங்கள் டில்லியில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் வசிக்கின்றோம். மணி என்பது எங்கள் நாயின் பெயர். அதற்கு அப்போது 11 வயது. தை மாதத்துக் கடுங்குளிர் இரவொன்றில், தாயை இழந்து தெருவோரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி ஒன்றைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வந்தவுடனே மணியின் படுக்கைக்கு எதிரில் அதை இறக்கிவிட்டு, “பார் மணி, உனக்குத் தம்பி வந்திருக்கிறான்” என்றோம். மணி எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டியோ சற்றே சூடு கண்டதும் துள்ளத் தொடங்கி, மணியின் பின்னங்காலின்மேல் பாய்ந்தது. மணி உறுமியது. குட்டி மீண்டும் பாய்ந்தது. மணி சட்டென்று திரும்பி வாயை நீட்டியது. பல் படவில்லை, ஆயினும் குட்டி வீறிட்டு அலறியது. நாங்கள் செய்தித்தாளைச் சுருட்டி மணியை அடித்துவிட்டோம். 11 ஆண்டுகளில் அது வாங்கிய முதல் அடி அதுவே.

மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. இரண்டு நாள் உணவைத் தொடவில்லை. அதற்குப் பொறாமை என்றே நாங்கள் கருதினோம். மூன்றாம் நாள் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் மணியின் இடுப்பை மெல்ல அழுத்தினார். அது உடம்பைச் சுருக்கிக்கொண்டது. அதன் தலைக்குப் பின்னால் கைதட்டினார். அது திரும்பவே இல்லை. இடுப்பு மூட்டில் வாதம், செவியும் மந்தம். பின்னால் ஓடிவரும் குட்டியின் ஓசை அதற்குக் கேட்கவில்லை. வலிக்கும் காலின்மேல் திடீரென்று பாரம் விழுந்தபோது உறுமிற்று. பொறாமை என்று நாங்கள் பெயரிட்டது வலியே ஆகும். 11 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அதை நாங்கள் அறியவில்லை. “குட்டியைக் கொண்டுவருமுன் இங்கே வந்திருக்க வேண்டும்” என்று மட்டுமே மருத்துவர் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நாம் முதலில் செய்யவேண்டியது மூத்த நாயின் உடல்நிலையை அறிதல். பெரிய உடல் படைத்த நாய்கள் ஏழெட்டு வயதிலேயே முதுமை அடைகின்றன. சிறிய நாய்கள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். கண்ணில் புரை, காதில் மந்தம், மூட்டில் வலி, பல்லில் நோய் ஆகியவை இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் முற்றிய நாய்க்கு, குட்டி துணையாகாது, தொல்லையாகவே முடியும். அந்நிலையில், கொண்டுவராதிருப்பதே அன்பு.

அடுத்தது குட்டியின் வயது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று நமது நாட்டில் 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்து விளையாடும்போதுதான், கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கின்றது. மூன்றாவது வாரம் தொடங்கிச் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரையில் உள்ள பருவமே நாயின் பிற்காலச் சுபாவத்தைப் பெரிதும் வகுக்கின்றது என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டனர். அப்பருவத்தில் வீட்டுக்கு வரும் குட்டி, மூத்த நாயோடு பழகும் விதத்தை எளிதில் கற்கும். அச்சமூட்டும் அனுபவம் நேர்ந்தால் அதையும் அவ்வாறே ஆழமாகக் கற்றுவிடும்.

மூன்றாவது, தடுப்பூசி. 1978-ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளில் தலைகாட்டிய பார்வோ என்னும் நோய் இன்றும் குட்டிகளைக் கொள்ளைகொள்கின்றது. அதன் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், பிறகு சில வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரையில், அடுத்தடுத்த ஊசிகளும் போடவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். மூத்த நாயின் ஊசிகளும் தவணை தவறாமல் இருக்கவேண்டும். தெருவில் எடுத்த குட்டியானால், மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் வரையில் தனியறையில் வைக்கவேண்டும். இதையும் நாங்கள் செய்யத் தவறினோம். குட்டியின் பல்லோ நகமோ நம் தோலைக் கீறினால், குட்டிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இனி அறிமுகம். நாயின் உலகம் மூக்கினால் ஆனது. ஆகையால் முதல் அறிமுகம் மணத்தின் வாயிலாகவே நடைபெற வேண்டும். குட்டி படுத்த துணியை மூத்த நாயின் அருகிலும், மூத்த நாயின் துணியைக் குட்டியின் அருகிலும் இரண்டு மூன்று நாள் போட்டுவைக்கலாம். முகர்ந்துவிட்டு அமைதியாக விலகினால் அது நல்ல அடையாளம்.

பின்பு நேர்முகமான சந்திப்பு. அது வீட்டுக்குள் நிகழலாகாது. வீடு மூத்த நாயின் ராஜ்யம். அங்கே புதியவன் அந்நியன். இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடம் வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைப் பூங்காவில் இறக்கிவிட முடியாது. பிற நாய்கள் வராத மொட்டை மாடி நமக்கு ஏற்ற இடம். இருவர் தேவை, ஒவ்வொருவரும் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி விட்டு, ஒரே திசையில் மெல்ல நடக்கவேண்டும். நேருக்கு நேர் நிறுத்தலாகாது. முகத்துக்கு முகம் உற்றுப் பார்ப்பது நாய்களின் வழக்கில் சவாலாகும். கயிறு தளர்ந்திருக்கட்டும், நாம் இறுக்கினால் நம் கலக்கம் கயிற்றின் வழியே நாய்க்குச் சென்றுவிடும். நடக்க நடக்க இடைவெளி குறையட்டும். ஒன்றையொன்று பக்கவாட்டில் முகர்ந்தால் சில நொடிகள் விட்டு, மெல்ல அழைத்து விலக்கவேண்டும். முதல் நாள் ஐந்து நிமிஷம் போதும். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

இத்தருணத்தில் நாயின் உடல் பேசுவதை நாம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னங்கால்களைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்தினால் அது விளையாட அழைக்கின்றது. உடல் தளர்ந்து, வால் விரிவாக ஆடினால் மகிழ்ச்சி. தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவதும், உணவில்லாதபோது உதட்டை நக்குவதும், தலையைத் திருப்பிக் கொள்வதும் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்பதன் அடையாளங்கள். உடல் மரம்போல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் உடனே விலக்கவேண்டும். அதன்பின் வருவது உறுமல்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்மிடையே பழமொழி ஒன்று உண்டு. அதை நம்பி நடப்பது ஆபத்து. உறுமலும் குரைப்பும் கடிக்குமுன் தரப்படும் எச்சரிக்கைகள். உறுமிய நாயை அடித்தால் அது உறுமுவதை நிறுத்திவிடும். அதன் மனக்கஷ்டம் நிற்காது. பிறகு ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். சிறு குட்டிக்கு மூத்த நாயின் நுட்பமான சைகைகள் இன்னும் விளங்குவதில்லை. ஆகையால் மூத்தது உறுமினால், எழுந்து சென்று குட்டியை அப்புறப்படுத்துவதே நம் கடமை. மணியை அடித்த அன்று நாங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தோம்.

வீட்டுக்குள் வந்தபின் ஒழுங்கு முக்கியம். சிறிய வீடுகளில் வசிக்கும் நமக்குத் தனித்தனி அறை ஒதுக்குவது கடினம். ஆயினும் அறை வாயிலில் முழங்கால் உயரத்துக்குப் பலகையொன்று வைத்தாலே போதும். குட்டி அதைத் தாண்ட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தும் முகர்ந்தும் பழகிக்கொள்ளும். உணவுத் தட்டுகள் தனித்தனி இடத்தில் இருக்கவேண்டும். குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவு. மூத்ததற்கு இரண்டு வேளை. குட்டியின் உணவில் கொழுப்பு மிகுதியாதலால் அதை மூத்தது தின்னவிடலாகாது. எலும்பு, பந்து முதலியவற்றைத் தொடக்கத்தில் எடுத்து வைத்துவிடுவது பூசலைத் தவிர்க்கும். மூத்த நாயின் படுக்கை அது இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். சோறும், உலாவும், மாலையில் தலையைத் தடவுவதும் முன்பு நடந்த நேரத்திலேயே நடக்கவேண்டும். புதியவன் வந்ததால் தனக்கு ஒன்றும் குறையவில்லை என்று மூத்தது உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது. குட்டி ஒருநாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். அந்நேரம் மூத்ததற்கு உரியது. நாம் வெளியே செல்லும்போது, சில வாரங்கள் வரையில், இரண்டையும் ஒன்றாக விட்டுச் செல்லலாகாது.

பிற மாநிலத்தில் வாழும் நம் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாம் நாயிடம் தமிழில் ‘உட்கார்’ என்கின்றோம். வேலைக்கு வரும் அம்மாள் ஹிந்தியில் ‘பைட்டோ’ என்கிறாள். பள்ளிப் பிள்ளையோ ஆங்கிலத்தில் ஆணையிடுகின்றது. மணி மூன்றையும் கற்றுவிட்டது, புதுக்குட்டி குழம்பியது. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டார் அனைவரும் கூடி முடிவுசெய்த பிறகே அது கற்கத் தொடங்கியது. காது மந்தமான மணிக்கோ கைச்சைகையைப் பழக்கினோம். சில வாரங்களில் குட்டியும் அச்சைகையைப் பார்த்தே உட்காரலாயிற்று.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயே வைக்கக்கூடாது எனச் சில சங்கங்கள் தடுப்பதுண்டு. அத்தகைய தடை செல்லாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டில் சுற்றறிக்கை விடுத்துள்ளது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு 1962-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாரியம், நெடுங்காலம் சென்னையில் இருந்துவிட்டு, நம்மைப் போலவே வடக்கே குடிபெயர்ந்து, 2018-ஆம் ஆண்டு முதல் ஹரியாணாவில் இயங்குகின்றது. எனினும் உரிமையோடு கடமையும் உண்டு. பதிவு செய்யவேண்டிய ஊர்களில் மாநகராட்சியில் பதிவு செய்தல், பொது வழியை அசுத்தம் செய்யாதிருத்தல், இரவில் குரைப்பை அடக்குதல் ஆகியவை அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.

இவ்வளவு செய்தும் சில இணைகள் ஒத்துப்போவதில்லை. இரத்தம் வரும் கடி நேர்ந்தாலும், மூத்தது தொடர்ந்து உணவை மறுத்தாலும் மருத்துவரை நாடவேண்டும். வேறு வழியில்லையேல் குட்டிக்கு நல்ல வேறு இல்லம் தேடித்தருவதில் இழுக்கொன்றுமில்லை.

எங்கள் வீட்டில் அந்நிலை வரவில்லை. மருத்துவர் தந்த வலிமருந்தோடு நாங்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். துணி, மொட்டை மாடி, வாயிற்பலகை என்று ஒவ்வொன்றாக முயன்றோம். ஆறாவது வாரத்தில் ஒரு பகல் பலகையை எடுத்துவிட்டோம். குட்டி ஓடிவந்து, மணிக்கு ஓர் அடி தூரத்தில் தானாகவே நின்றது. மணி அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் தரையில் சாய்த்தது. குட்டி அதன் வயிற்றோரம் படுத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் சமையலறை வாயிலில் நின்றபடியே இருந்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முன்பின் தெரியாத இவ்வூரில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, ஏற்கெனவே நால்வர் இருந்த அறையில் ஐந்தாமவராகப் பாய் விரித்தவர்கள் நம்மில் பலர். புதியவனின் கூச்சமும் பழையவனின் முணுமுணுப்பும் நாம் அறியாதவை அல்ல. அன்று நமக்கு இடம் கிடைத்தது, யாரோ ஒருவர் பொறுமையாக இருந்ததால்தான். நாய் வாய்விட்டுச் சொல்லாது. எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் பிராணி என்று நாலடியார் அதைப் பற்றிச் சொல்கின்றது. செய்தித்தாளால் அடித்த கைகளை மணி மறுநாளே நக்கியது. அது மன்னித்தது என்பதற்காக நாம் செய்த பிழை பிழையில்லை என்று ஆகிவிடாது.

மணி அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் இருந்தது. இன்று குட்டியே வீட்டின் மூத்த நாய். அது இன்றும் மணியின் பழைய இடத்தில் படுப்பதில்லை; அதற்குப் பக்கத்தில்தான் படுக்கின்றது.