நூலால் ஆன ஆகாய விமானம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆகாய விமானம் எதனால் செய்யப்படுகிறது என்று கேட்டால், அலுமினியத் தகட்டால் என்று நம்மில் பலர் பதில் சொல்வோம். ஒரு காலத்தில் அதுதான் சரியான பதில். ஆனால் அமெரிக்காவின் போயிங் கம்பெனி 2009 டிசம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்ட 787 என்ற பயணி விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி உலோகமே அல்ல. அது நூலும் பிசினும். இறக்கை, உடல், வால் ஆகியவற்றின் பெரும்பகுதி, பிசினில் தோய்ந்த நூலை அடுக்கி, சூளையில் வேகவைத்து எடுத்தது.

ஆகவே இது நம்முடைய விஷயம். ஸ்பின்னிங்கிலும் வைண்டிங்கிலும் நிற்கிற தோழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வயலில் உழைக்கிற தோழர்களுக்கு அதைவிடச் சுலபம். மண்சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலைப் போட்டு ஏன் மிதிக்கிறோம்? வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வெறும் வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் மழையையும் தாங்குகிற சுவர் கிடைக்கிறது. விஞ்ஞானிகள் கலவைப் பொருள் என்று சொல்வது இதைத்தான். வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி நூல் அல்லது கரி நூல். சேற்றுக்குப் பதில் எபாக்சி என்ற பிசின்.

கரி நூல் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். கரியில் நூலா? 1879-ல் எடிசன் மின்விளக்குக்காகப் பருத்தித் தையல் நூலைச் சுட்டுக் கரியாக்கினார். அது ஒளி தந்தது. ஆனால் தொட்டால் உதிர்ந்தது. பலமான கரி நூலுக்கு உலகம் இன்னும் 80 ஆண்டு காத்திருந்தது. ஜப்பானில், ஒஸாகா நகரத்து அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி, ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலின் வகையைச் சேர்ந்த இழையை எடுத்துச் சுட்டு வழி கண்டார். முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரிச் சூடு. பிறகு நைட்ரஜன் வாயு நிரம்பிய உலையில் 1,000 டிகிரிக்கு மேல். காற்றுப் பட்டால் இழை எரிந்து சாம்பலாகிவிடும். கரிமூட்டம் போடுகிறவர் விறகை மண்ணால் மூடுவது எதற்கோ, நைட்ரஜன் அதற்கே. போட்ட எடையில் பாதிதான் மிஞ்சும். மிஞ்சிய இழை தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு கனம். அத்தகைய 12,000 இழைகளைச் சேர்த்து ஒரு கற்றையாகச் சுற்றுகிறார்கள்.

787-க்கு இந்தக் கரி நூலைக் கொடுத்த டோரே கம்பெனியின் பூர்வீகம் என்ன தெரியுமா? 1926-ல் தொடங்கிய ரேயான் நூல் ஆலை. 1971-ல் அது கரி நூலை விற்பனைக்கு உற்பத்தி செய்யத் தொடங்கியபோது, முதலில் வாங்கியவர்களில் தூண்டிற்கோல் செய்கிறவர்களும் கோல்ஃப் மட்டை செய்கிறவர்களும் இருந்தார்கள். ஆகாயத்துக்குப் போகும் முன் அந்த நூல் ஏரிக்கரையில்தான் நின்றது!

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரிய கம்பெனி இந்த நூலை நம்பி மோசம் போயிற்று. ரோல்ஸ் ராய்ஸ், ஆர்.பி.211 என்ற விமான யந்திரத்தின் முன்விசிறிக்குக் கரி நூலில் இலைகள் செய்தது. விமான யந்திரத்துக்குள் பறவை புகுவது சகஜமாதலால், செத்த பறவையை வேகமாகச் செலுத்திச் சோதிப்பார்கள். 1970-ல் அந்தச் சோதனையில் கரி நூல் இலைகள் நொறுங்கின. மீண்டும் டைட்டானியம் உலோகத்துக்குப் போனார்கள். இது ஒன்றே காரணமல்ல. ஒப்பந்த விலைக்கு மேல் செலவு ஏறிக்கொண்டே போனதுதான் பெரிய காரணம். 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலாயிற்று. தனியார் முதலாளித்துவத்தின் புகழை ஓயாமல் பாடிவந்த ஹீத்தின் கன்சர்வேடிவ் சர்க்காரே அதை அரசுடைமையாக்கிக் காப்பாற்றியது. கம்பெனி மீண்டும் காலூன்றிய பிறகு 1987-ல் தனியாரிடமே விற்றது இன்னொரு கன்சர்வேடிவ் சர்க்கார். நஷ்டப்படுகிறபோது மட்டும் பொதுச் சொத்து!

இலைகள் ஏன் நொறுங்கின? கயிற்றை நீளவாக்கில் இழுத்தால் தாங்கும். குறுக்கே அடித்தால் பிரி பிரியாகக் கிளம்பும். கரி நூலும் அப்படியே. ஆதலால் ஒரு படலத்தில் நூல் நேராக ஓடினால் அடுத்ததில் சாய்வாகவும், அதற்கடுத்ததில் குறுக்காகவும் அடுக்குகிறார்கள். ஆனால் படலத்துக்கும் படலத்துக்கும் நடுவே நூல் இல்லை, பிசின் மட்டுமே. அந்த இடம்தான் பலவீனம். வெளியே வழவழப்பாக இருக்கும், உள்ளே விட்டுப்போயிருக்கும்.

இப்போது வேலை நடக்கிற கூடத்துக்கு வாருங்கள். பிசின் ஏறிய துணியைப் பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரிக் குளிரில் வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்தால் பிசின் மெல்ல இறுகத் தொடங்கும். எத்தனை மணி வெளியில் இருந்தது என்று கணக்கு எழுத வேண்டும். குளிர்ந்த சுருளை அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். அது பின்னால் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் கட்டும். கூடத்தில் தூசி கூடாது, கையில் எண்ணெய்ப் பிசுக்குக் கூடாது. ஒவ்வொரு துணித் துண்டின் பின்புறத்திலும் ஒரு காப்புத்தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டு அச்சின்மேல் பரப்பி, சுருக்கம் விழாமல் தேய்க்க வேண்டும். நாற்பதாவது துண்டில் ஒரே ஒரு தாளை உரிக்க மறந்தால் போதும். அங்கே இரண்டு படலம் என்றும் ஒட்டாது. பெரிய பாகங்களுக்கு நூலை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிற யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் வளைவிலும் மூலையிலும் மனிதனின் விரலுக்கு ஈடான யந்திரம் கிடைப்பது அரிது.

அடுக்கி முடித்ததும் பிளாஸ்டிக் பையால் மூடிக் காற்றை உறிஞ்சுவார்கள். பிறகு ஆட்டோகிளேவ் என்ற ராட்சத அழுத்தச் சூளை. சுமார் 180 டிகிரிச் சூடு, வெளிக்காற்றைப் போல் ஆறேழு மடங்கு அழுத்தம், பல மணி நேரம். 787-ன் உடலில் ஒரு முழு வளையமே அதற்குள் போகும். வெளியே வந்ததும் கேளா ஒலி அலையைச் செலுத்தி உள்ளே விரிசலும் பிரிவும் உண்டா என்று தேடுவார்கள். சந்தையில் பானை வாங்குகிறவள் சுண்டிப் பார்க்கிறாளே, அதேபோல் ஒரு காசால் தட்டிக் காதால் பார்க்கிற பழைய முறையும் இந்தத் தொழிலில் உண்டு.

இத்தனை நுட்பமான தொழிலைப் போயிங் எப்படி நடத்திற்று? இறக்கைகள் ஜப்பானில், நடு உடல் இத்தாலியிலும் ஜப்பானிலும், மூக்குப் பகுதி அமெரிக்காவின் விச்சிடா நகரில், பின்பகுதி சார்ல்ஸ்டனில் என்று வேறு வேறு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. எவரெட் நகரத்துத் தொழிலாளர்கள் கொண்டுவந்ததைப் பொருத்தினால் போதுமாம்! 2007 ஜூலையில் ஆடம்பரமாக விழா வைத்துக் காட்டிய முதல் விமானம் உள்ளே காலிக் கூடு. 2008-ல் கொடுக்கவேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது.

வேலையை வெளியே கொடுப்பதையும் எதிர்த்து 2008-ல் சுமார் 27,000 தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி 2009-ல் என்ன செய்தது? சார்ல்ஸ்டனில் இரண்டாவது பொருத்துமிடம் திறக்க முடிவு செய்தது. அங்கே தொழிலாளர்கள் அதற்கு முந்தைய மாதம்தான் சங்கம் வேண்டாமென்று வாக்களித்திருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்குப் பழிவாங்கல் இது என்று அமெரிக்க அரசாங்கத்தின் தொழிலுறவு வாரியம் 2011 ஏப்ரலில் குற்றம் சாட்டியது, கம்பெனி மறுத்தது. சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டபின் டிசம்பரில் வாரியம் வழக்கைக் கைவிட்டது. 2021-ல் 787 வேலை முழுவதும் சார்ல்ஸ்டனுக்கே போய்விட்டது.

2020-ல் விஷயம் வெளிவந்தது. உடல் வளையங்கள் சேருமிடத்தில் இருக்கக்கூடாத இடைவெளிகள். அனுமதித்த அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கிட்டத்தட்ட ஒரு தாளின் கனம். அதற்கு மேல் இருந்தால் ஷிம் வைத்து நிரப்ப வேண்டும். உலோகமானால் முடுக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெந்த கரி நூல் விட்டுக் கொடுக்காது. முடுக்கிய இழுப்பு உள்ளேயே தங்கி, வருஷக்கணக்கில் அதைத் தின்னும். எட்டு விமானங்களைப் பறப்பதிலிருந்து நிறுத்தினார்கள். 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை புதிய 787-களை ஒப்படைக்கவே முடியவில்லை. ஒரு தாளின் கனத்துக்காக! இடைவெளிகளை அளக்காமல் பலவந்தமாக மூடினார்கள் என்று போயிங்கிலேயே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் 2024 ஏப்ரலில் அமெரிக்க செனட் குழு முன்பு சாட்சியம் சொன்னார். கம்பெனி அதை மறுத்தது.

இதைக் கேட்கும்போது 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் விழுந்த 787 உங்கள் நினைவுக்கு வரும். இரண்டையும் முடிச்சுப் போடக்கூடாது. அடுத்த மாதம் வந்த முதல் அறிக்கை யந்திரங்களுக்கு எரிபொருள் நின்றதைப் பற்றிப் பேசியதே தவிர, உடல் முறிந்ததாகச் சொல்லவில்லை.

விமானத்தின் உடலைப் பற்றிப் பேசினோம். அதைச் செய்கிறவனின் உடல்? அமெரிக்காவில் பர்பாங்க் நகரத்து லாக்ஹீட் ஆலையில், ராடாருக்குத் தென்படாத ராணுவ விமானத்துக்கான வேலையில் இருந்த தொழிலாளர்கள் 1988-ல் வழக்குத் தொடுத்தார்கள். தோலில் தடிப்பு, தலைவலி, குமட்டல். டாக்டரிடம் போனால், எந்தப் பொருளில் வேலை செய்கிறாய் என்று கேட்கிறார். அது ராணுவ ரகசியம்! பெயர் சொல்ல முடியாத பொருளுக்கு டாக்டர் என்ன மருந்து கொடுப்பார்?

நம் நாட்டிலும் இந்தத் தொழில் வேரூன்றிவிட்டது. 2001 ஜனவரியில் பெங்களூரில் முதலில் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் கலவைப் பொருள். 1980 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணியை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேற்கட்டங்களுக்கு இழையைப் பிசினில் தோய்த்துச் சுற்றிய உறைகள். பாபினில் நூல் சுற்றுகிற அதே தத்துவம்தான். மேற்கட்டத்தில் ஒரு கிலோ குறைந்தால் துணைக்கோளுக்கு ஒரு கிலோ கூடும். அந்தத் திட்டத்தை நடத்திய அப்துல் கலாம், பின்னர் ஹைதராபாதில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் 3 கிலோ இரும்புக் கவசத்தை இழுத்து நடப்பதைக் கண்டு, 300 கிராமில் செய்துகொடுக்க ஏற்பாடு செய்தார். இந்தத் தொழிலில் நான் கேட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்த எடைக் கணக்கு அதுதான்.

விமானம் தூரத்தில் இருக்கலாம். ஆனால் நம் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுகிற கொட்டகைகளைப் பாருங்கள். கண்ணாடி நூல் பாய், பாலியஸ்டர் பிசின், பிரஷ். ஆகாய விமானத்தின் ஏழைத் தம்பி! அந்தப் பிசினிலிருந்து கிளம்பும் நெடி ஸ்டைரீன். அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் வகைப்படுத்தியது. முகத்தில் கட்டுகிற துண்டு தூசியில் கொஞ்சம் தடுக்கும், நெடியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். கொட்டகையின் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது.

போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயப் பொருள்களைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை என்று சேர்த்தார்கள். ஒவ்வொரு பிசின் டப்பாவுக்கும் அதைச் செய்த கம்பெனி ஓர் ஆபத்து விவரத் தாள் தயாரித்திருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்; முதலாளியின் மேஜையறையில் கிடக்கும். உங்கள் பிள்ளைகள் அத்தகைய கொட்டகையில் வேலைக்குப் போகிறார்களென்றால், நாளைக்கே அந்தத் தாளைக் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.