ரிப்போர்ட்ல பாசிட்டிவ், ஆனா எதுக்கு பாசிட்டிவ்?

சாந்தோம்ல இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோட் ஒரு ரத்தப் பரிசோதனை பத்தி.

நம்ம நரம்பு ஒரு சிக்னல் அனுப்பினதும் பழைய நிலைக்குத் திரும்பணும். அதுக்கு உதவற கதவுதான் பொட்டாசியம் சேனல். மின்னழுத்தம் மாறினா திறக்கும், பொட்டாசியம் வெளியே போகும், நரம்பு அடங்கும். இதுல கோளாறு வந்தா நரம்பு அடங்காது. தூக்கத்துலகூட தசை துடிச்சுக்கிட்டே இருக்கும். 1961-ல தென்னாப்பிரிக்க டாக்டர் ஐசக்ஸ் இதை விவரிச்சார். 2006-ல 'நியூராலஜி இந்தியா' இதழ்ல வடமேற்கு இந்தியாவைச் சேர்ந்த 20 நோயாளிகளைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது.

பல பேருக்கு இது நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யற வேலைன்னு 1990-கள்ல தெரிஞ்சது. நம்ம உடம்பே நம்ம நரம்புக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்குது. அதைப் பிடிக்க வந்த டெஸ்ட் பிரமாதமானது. பச்சை மாம்பா பாம்போட விஷத்துல டெண்ட்ரோடாக்சின்னு ஒரு பொருள் இருக்கு; அது நேரா பொட்டாசியம் சேனல்ல போய் ஒட்டிக்கும். அதுல கதிரியக்க அயோடினைச் சேர்த்து, விலங்கு மூளையில இருந்து பிரிச்ச சேனல்ல ஒட்டவெச்சு, நோயாளியோட சீரத்தைக் கலப்பாங்க. ஆன்டிபாடி இழுத்துட்டு வர்றதுல கதிரியக்கம் இருந்தா, பாசிட்டிவ்.

சிக்கல் இங்கதான். நொச்சிக்குப்பம் பக்கம் கரைவலை இழுக்கறதைப் பார்த்திருப்பீங்க. எந்தப் பக்கக் கயிறை இழுத்தாலும் மொத்த வலையும் வரும். அதே மாதிரி, சேனல் மூளையில தனியா இல்ல. கூடவே வேற புரோட்டீன்கள் கோத்துக்கிட்டு இருக்கு. ஆன்டிபாடி பக்கத்துல இருக்கறதைப் பிடிச்சாலும் சேனல் சேர்ந்தே வரும், டெஸ்ட் பாசிட்டிவ்னு சொல்லும்.

2010-ல உண்மை வெளிவந்தது. பெரும்பாலான ஆன்டிபாடிகள் பிடிச்சது சேனலையே இல்ல. எல்ஜிஐ-1, காஸ்பர்-2ன்னு ரெண்டு கூட்டாளிகளை. 2016-ல வந்த ஒரு ஆய்வு, இந்த ரெண்டும் இல்லாம வெறும் 'பொட்டாசியம் சேனல் பாசிட்டிவ்' வந்தா அதை வெச்சு நோயை முடிவு பண்ண முடியாதுன்னு காட்டுச்சு. 2017-ல இன்னும் வேடிக்கை: சில பேரோட ஆன்டிபாடி, அடையாளத்துக்காகப் போட்ட பாம்பு விஷத்தையே பிடிச்சிருந்தது!

கோட் எழுதறவங்களுக்கு இது புரியும். டெஸ்ட் பச்சை காட்டுது; ஆனா நாம நினைச்ச ஃபங்ஷனை அது சோதிக்கவே இல்ல. லேப்ல ஆராய்ச்சிக்கு வாங்கற சேனல் ஆன்டிபாடிக்கும் இதே கேள்விதான். அதனாலதான் அந்த சேனலே இல்லாத எலியோட திசுவுல போட்டுப் பார்ப்பாங்க. அங்கயும் ஒட்டினா, அது வேற எதையோ பிடிக்குதுன்னு அர்த்தம்.

நமக்கு இதுல என்ன இருக்கு? எல்ஜிஐ-1 ஆன்டிபாடி இருக்கறவங்களுக்கு ஞாபகம் குழம்பும். முகமும் கையும் சட்டுனு ஒரு நொடி இழுக்கும். ஸ்டீராய்டு மாதிரி சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பிச்சா நிறைய பேர் தேறி வர்றாங்க. தப்பான பாசிட்டிவை நம்பினாலோ, தேவையில்லாத ஸ்டீராய்டு ஒரு பக்கம், உண்மையான நோய் கவனிக்கப்படாம போறது இன்னொரு பக்கம்.

நான் டாக்டர் இல்ல. ஆனா வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, நரம்பியல் டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: "எல்ஜிஐ-1, காஸ்பர்-2 ரெண்டையும் தனியா பார்த்தாச்சா சார்?"

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.