மன்னாரிலே ஒரு கழுதை மருத்துவமனை



மன்னார்த் தீவுக்குச் செல்பவர் பெருக்கமரத்தைக் காணுமுன்னரே கழுதைகளைக் கண்டுவிடுவார். இரண்டையும் அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது ஊர் வழக்கு. பொதி சுமந்து பிழைத்த பிராணி, லொறி வந்த பின்னர் எசமானின்றித் தெருவில் நிற்கலாயிற்று. 2009இல் போர் ஓய்ந்தது. 2010இல் புதிய பாலம் திறந்தது. வீதிகள் சீராயின, வாகனங்கள் விரைந்தன. இரவிலே நடுவீதியில் அசையாது நிற்கும் சாம்பல் நிற உருவம் சாரதியின் கண்ணுக்குப் புலப்படுவது எளிதன்று.

அடிபட்டவற்றுக்கு மருந்திட 'பிரிட்ஜிங் லங்கா' என்னும் நிறுவனம் அங்கே ஒரு கழுதை மருத்துவமனையும் கல்வி நிலையமும் அமைத்தது. கழுதைக்கு வைத்தியமா என்று நகைப்போர் உளர். அவ்வைத்தியம் எளிதென்று எண்ணற்க. கழுதை தன் நோவை எளிதில் வெளிக்காட்டாது. தலை தாழ்த்திச் சும்மா நிற்கும். பிடிவாதம் என்று நாம் பெயரிட்டு அடிப்பது பலகால் அந்த நோவேயாகும். தீனை மறுப்பதும் ஒரு காலை ஊன்றாததுமே வைத்தியருக்குக் கிடைக்கும் சாட்சி.

குப்பையில் உண்ட பொலித்தீனும் குடலை அடைக்கும். முற்றத்துக் கன்றுகளை மேய்கிறதென்று சினக்கும் இல்லத்தரசியின் முறைப்பாடு நியாயமே. ஆயினும், அவர் பழஞ்சோற்றோடு எறிந்த பையும் அதே கழுதையின் வயிற்றுக்குள்ளேதான் போகிறது.